கிண்ணம் சீக்கிரம் காலியானால் கவனியுங்கள்: வீட்டு நாயின் நோயைக் கண்டுகொள்ளும் வழி

எங்கள் நாய் செம்பி அதிகமாகத் தண்ணீர் குடிப்பதை முதலில் கவனித்தது நான் இல்லை, என் மனைவி. காலையில் நிரப்பி வைக்கும் கிண்ணம் வழக்கமாக இரவு வரை வரும். அந்த வாரம் மதியத்துக்கே காலி. "வெயில் அடிக்குது, குடிக்கிறா" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். இரண்டு நாளில் சாப்பாட்டைப் பாதியில் விட்டாள். அதற்கும் வெயிலையே காரணம் சொன்னேன். ஆறாம் நாள் காலையில் அவள் படுத்திருந்த சாக்கில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு கறை. வாலடியை நக்கிக்கொண்டே இருந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், கர்ப்பப்பை முழுக்கச் சீழ் என்றார். அன்று இரவே அறுவை சிகிச்சை. பிழைத்துக்கொண்டாள். அப்புறம் ஆறு வருடம் எங்களோடு இருந்தாள்.

டாக்டர் அன்று மூன்று கேள்வி கேட்டார். "தண்ணி எப்பலேர்ந்து அதிகமா குடிக்குது? ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குது? கடைசியா பருவத்துக்கு வந்தது எப்போ?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. நான் கடிகாரம் பழுது பார்ப்பவன். நாளுக்குப் பத்து விநாடி பின்தங்கும் கடிகாரத்தைக்கூடப் பிடித்துவிடுவேன். காலடியில் படுத்திருந்த நாய் ஒரு வாரமாகச் சரியில்லை என்பதைப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நோட்டு போட ஆரம்பித்தேன். இப்போது வீட்டில் இரண்டு பேர். மணி, வெள்ளை, வயது 12. கருப்பன், பெயருக்கேற்ற நிறம், வயது 4. இருவருக்கும் ஆளுக்கொரு நோட்டு உண்டு.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "நல்லா இருக்கும்போது அது எப்படி இருக்கும்?" என்பதைத்தான். கருப்பன் நினைத்தால் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பான், அது அவன் குணம். மணி தட்டை நக்கி நக்கித் தரையோடு சுவர் வரை தள்ளிக்கொண்டு போகிறவன். அவன் ஒரு வேளை தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அன்றே கிளம்பிவிடுவேன். ஒரே செய்கை ஒருவனுக்கு வழக்கம், இன்னொருவனுக்கு நோய். வலியை வெளியே காட்டாமல் அடக்கிக்கொள்வது நாயின் இயல்பு. அது முனகும் வரை காத்திருந்தால் நோய் பாதி முற்றிவிட்டிருக்கும்.

நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

முதலில் தூங்கும்போது விடும் மூச்சு. இதற்குக் கருவி வேண்டாம், விநாடி முள் உள்ள கடிகாரம் போதும். நாய் நன்றாக அயர்ந்து தூங்கும்போது அருகில் உட்காருங்கள், தொட வேண்டாம். விலா ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பாதம் துடித்துக்கொண்டோ, இமைக்குள் கண் உருண்டுகொண்டோ இருந்தால் கனவு காண்கிறது. அப்போது எண்ணினால் கணக்குத் தப்பும், சற்றுப் பொறுங்கள். கருப்பனுக்கு 16, மணிக்கு 20. பெரும்பாலான நாய்களுக்கு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டாது. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் 30-க்கு மேலே போனால், இருமல் ஒன்றும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் பேசுங்கள். இதய வால்வு கெட்டு நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் ஏறுவது இந்த எண்ணிக்கைதான். வயதான சிறிய நாய் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு முறையாவது எண்ண வேண்டும்.

அடுத்தது நாடி. பின்னங்காலின் உள்பக்கம், தொடை இடுப்போடு சேரும் இடத்தில் இரண்டு விரலை மெல்ல வைத்தால் துடிப்பது தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பெரிய நாய்க்கு ஓய்வில் 60 முதல் 100, சிறியதற்கு 100 முதல் 140 வரை. குட்டிகளுக்கு இன்னும் வேகமாக அடிக்கும். முதல் முறை கருப்பனின் நாடியைப் பிடித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. டிக் டிக் என்று வேகமாகப் போய், பிறகு இழுத்து, மறுபடி வேகமாகப் போனது. என் மேசைக்கு இப்படி ஒரு கடிகாரம் வந்தால் கழற்றிப் போட்டுவிடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு விரைந்து, வெளியே விடும்போது மெதுவாவது ஆரோக்கியமான நாய்க்கு இயல்பு என்று. மூச்சோடு ஒட்டாமல் தாறுமாறாகத் துடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

காய்ச்சல் பார்க்க மூக்கைத் தொடாதீர்கள். ஈர மூக்கு என்றால் ஆரோக்கியம், காய்ந்த மூக்கு என்றால் காய்ச்சல் என்று சிறுவயதிலிருந்தே எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும். 104 டிகிரி காய்ச்சலிலும் மூக்கு சில்லென்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான் வழி, அதுவும் ஆசனவாயில். முனையில் வாசலைன் தடவி, ஒருவர் தலைப்பக்கம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் வாலைத் தூக்கி ஓர் அங்குலம் உள்ளே விட்டால் போதும். எங்கள் வீட்டில் அந்தத் தெர்மாமீட்டரில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் சொன்னால் 38.3 முதல் 39.2. அதாவது நமக்குக் காய்ச்சல் என்று படுக்கும் 101, நாய்க்கு நல்ல உடம்பு. ஓடி வந்த உடனே பார்க்காதீர்கள், அரை மணி நேரம் படுத்திருந்த பிறகு பாருங்கள். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 104 என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். 106 உயிருக்கு ஆபத்து. 99-க்குக் கீழே இறங்குவதும் ஆபத்துதான், அதைப் பலர் யோசிப்பதில்லை.

ஈறு. மேலுதட்டைத் தூக்கிக் கோரைப்பல்லுக்கு மேலே பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் அந்த இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் பிடித்தால் ரத்த ஓட்டம் சரியில்லை. வெளுத்த ஈறு என்றால் ரத்தம் குறைந்திருக்கிறது, அல்லது உள்ளே எங்கோ கசிகிறது. மஞ்சள் என்றால் கல்லீரல் கோளாறு, அல்லது சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கின்றன. நீலம் பாய்ந்தால் ஆக்சிஜன் போதவில்லை, யோசிக்கவே நேரமில்லை. செங்கல் சிவப்பு வெப்பத் தாக்கிலும் கடுமையான தொற்றிலும் வரும். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல்: கருப்பனுக்கு ஈறே கறுப்பு. பல நாய்களுக்கு அப்படித்தான். அவனுக்கு நான் கீழ் இமையை லேசாக இழுத்து உள்பக்க நிறத்தைப் பார்ப்பேன். உங்கள் நாய்க்கு எந்த இடத்தில் நிறம் தெரிகிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். நடு இரவில் டார்ச் வெளிச்சத்தில் முதல் தடவையாகத் தேடக் கூடாது.

எடையை மாதம் ஒரு முறை பாருங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாய் என்றால் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலேயே எலும்பை எண்ண முடிய வேண்டும், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் எலும்பு துருத்தக் கூடாது. அடர்ந்த முடியுள்ள நாய் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

தினமும் ஒரு தடவல்

இரவு படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம். மணியும் கருப்பனும் இதைக் கொஞ்சல் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணில் ஆரம்பியுங்கள். ஒரு கண்ணை மட்டும் சுருக்கினாலோ, வெளிச்சத்துக்குக் கூசினாலோ கருவிழியில் கீறலோ புண்ணோ இருக்கலாம். அதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது. காதை முகர்ந்து பாருங்கள். ஆமாம், முகரத்தான் சொல்கிறேன். நல்ல காதில் வாடையே இருக்காது. தொற்று வந்தால் புளித்த வாடை அடிக்கும், தலையை உதறும். உதறி உதறியே காது மடலுக்குள் ரத்தம் கட்டித் தலையணை மாதிரி வீங்கிவிடும் நாய்களும் உண்டு.

பிறகு தாடைக்குக் கீழ், தோளுக்கு முன்னால், பின்முழங்காலுக்குப் பின்புறம்: இந்த மூன்று இடத்திலும் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. இருபக்கமும் சேர்த்துத் தடவுங்கள். வழக்கத்தைவிடப் பெரிதாக, கோலிக்குண்டு மாதிரி உருண்டால் காட்டிவிடுங்கள்; தொற்றாலும் வீங்கும், நிணநீர்ப் புற்றாலும் வீங்கும். பெண் நாய்க்கு முலைகளையும் வரிசையாகத் தடவுங்கள். புதுக் கட்டி எது தென்பட்டாலும் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ரொம்ப நாளா இருக்கு சார்" என்று டாக்டரிடம் சொல்வதில் ஒரு பயனும் இல்லை.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். மணிக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒருநாள் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். எங்கோ மூக்கை இடித்துக்கொண்டான் என்று துடைத்துவிட்டேன். மறுநாளும் சொட்டியது. மல்லாக்கப் படுக்க வைத்துப் பார்த்தால், அடிவயிற்றின் வெள்ளைத் தோலில் ஊசி குத்தியது போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். நோட்டைப் புரட்டினேன்: மூன்று வாரத்துக்கு முன் "காதுக்குள் 2 உண்ணி, எடுத்தாச்சு", பத்து நாள் கழித்து "சோர்வு, 103.4, மறுநாள் சரி". ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தலைகாட்டும், ஒரு நாள் காய்ச்சலடித்துத் தானாகவே அடங்கிய மாதிரி ஏமாற்றும். பிறகு ரத்தம் உறையாமல் மூக்கில் வடியும் அளவுக்குக் கொண்டுவிடும். நான்கு வாரம் மாத்திரை கொடுத்தோம். நோட்டில் இருந்த அந்த இரண்டு வரியைப் பார்த்த உடனேயே என்ன பரிசோதனை செய்வது என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார்.

உண்ணி ஒளியும் இடங்கள்: காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி. சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், நெருப்பால் சுடாதீர்கள். எடுத்த தேதியை எழுதி மூன்று வாரம் கண்காணியுங்கள். அந்த நாட்களில் சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் அது பபேசியாவாக இருக்கலாம். சிவப்பணுக்களை உடைக்கும் இன்னொரு உண்ணிக் காய்ச்சல் அது. மணிக்கணக்கில் தாமதித்தாலும் நஷ்டம்தான்.

தண்ணீரும் சாப்பாடும்

இங்கேதான் நான் கோட்டை விட்டேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன். அளவுக் குவளையால் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளந்து கழியுங்கள். இரண்டு நாய் இருந்தால் ஒரு நாளைக்குத் தனித்தனியாக வைக்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் அது நிச்சயமாக அதிகம். 10 கிலோ நாய் நாளுக்கு ஒரு லிட்டர் தாண்டினால் வெயில் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், குஷிங் எனப்படும் அட்ரீனல் சுரப்பிக் கோளாறு, கர்ப்பப்பைச் சீழ் எல்லாமே முதலில் தண்ணீர்க் கிண்ணத்தில்தான் தெரியும். இரவில் வெளியே போக வேண்டும் என்று எழுப்புவதும், வீட்டுக்குள் ஒருபோதும் போகாத நாய் உள்ளே போய்விடுவதும் இதன் மறுபக்கம். அதைக் கண்டு திட்டாதீர்கள், தண்ணீரைக் கட்டுப்படுத்தவும் செய்யாதீர்கள்.

கருத்தடை செய்யாத பெண் நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பருவம் முடிந்து நான்கிலிருந்து எட்டு வாரம்தான் கர்ப்பப்பைச் சீழுக்கு வாகான காலம். செம்பிக்குக் கர்ப்பப்பையின் வாய் திறந்திருந்தது, அதனால் கறை வெளியே வந்து காட்டிக்கொடுத்தது. வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. தாகமும் சோர்வும் வாந்தியும் லேசான வயிற்று உப்பலும்தான் அடையாளம். அந்த வகைதான் இன்னும் ஆபத்து. பருவத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது இதற்காகத்தான்.

வாந்தி என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. வயிறு குலுங்கி, ஓங்கரித்து வெளியே தள்ளுவது வாந்தி. ஒரு முயற்சியும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் தின்றது குழாய் வடிவில் அப்படியே வழுக்கி விழுவது வேறு, அது உணவுக்குழாய்க் கோளாறு. டாக்டருக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். சுத்தம் செய்ய ஓடும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒரு தடவை புல்லைத் தின்று கக்கிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வருகிற நாய்க்கு ஒன்றும் இல்லை. ஒரே நாளில் மூன்று நான்கு தடவை எடுத்தால், குடித்த தண்ணீரும் நிற்காவிட்டால், காபித் தூள் கரைந்த மாதிரி இருந்தால், அல்லது எடுப்பது குட்டி என்றால் காத்திருக்கக் கூடாது.

மலத்தைப் பார்க்க அருவருப்பு வேண்டாம். தார் போலக் கறுத்து ஒட்டினால் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. புது ரத்தம் சிவப்பாக, சளியோடு வந்தால் கோளாறு பெருங்குடலில். வெள்ளரி விதை மாதிரி வெள்ளையாக நெளிந்தால் நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்தது. தடுப்பூசி முடிக்காத குட்டி துவண்டு, வாந்தி எடுத்து, குமட்டும் வாடையோடு ரத்தமாகப் போனால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். பெரிய நாய்க்குக் கொடுக்கும் "நாளைக்குப் பார்ப்போம்" என்ற சலுகையைக் குட்டிக்குக் கொடுக்க முடியாது. அதன் உடம்பில் இழக்க அவ்வளவு நீர் இல்லை.

வலியை எப்படிப் பார்ப்பது

"வயசாயிடுச்சு." இந்த ஒரு வார்த்தையால் எத்தனை நாய்கள் வருடக்கணக்கில் வலியைச் சுமக்கின்றன என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமை வருகிறது. நானும் சொன்னவன்தான். மணி மாடிக்கு வருவதை நிறுத்தினான், படியின் கீழேயே படுத்தான். வயதாகிவிட்டது என்றேன். அவனுடைய வலது முன்காலில் வெள்ளை முடி துருப்பிடித்த மாதிரிச் செம்பழுப்பாக இருப்பதை என் மகள்தான் காட்டினாள். எச்சில் கறை. எங்களுக்குத் தெரியாமல் இரவில் அந்த இடத்தையே நக்கியிருக்கிறான். முழங்கையில் மூட்டுத் தேய்மானம். டாக்டர் வலிக்கு மருந்து கொடுத்த பத்தாம் நாள், மாடியில் என் கட்டிலருகே வந்து நின்றான்.

வலியுள்ள நாய் பெரும்பாலும் அழாது. எழும்போது தயங்கும், இரண்டடி விறைப்பாக நடந்து பிறகு சரியாகும். குதித்து ஏறும் இடத்தில் முன்காலை மட்டும் வைத்துவிட்டு நம்மைப் பார்க்கும். ஓடாமல், வெயிலில்லாமல், இரவில் படுத்தபடியே இரைக்கும். இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். எப்போதும் அணைத்துக்கொள்ளும் குழந்தையிடம் உறுமும். உறுமலுக்கு அடி கொடுக்கும் முன் முதுகையும் காதையும் பல்லையும் பாருங்கள். முன்பாதியைத் தரையில் தாழ்த்திப் பின்பாதியைத் தூக்கி நிற்பது விளையாட்டு அழைப்பும் ஆகலாம், வயிற்று வலியும் ஆகலாம். விளையாட்டு என்றால் ஒரு கணம்தான், உடனே துள்ளும். வயிற்று வலி என்றால் அப்படியே நிற்கும், திரும்பத் திரும்பச் செய்யும். கணைய அழற்சியில் இதை அதிகம் பார்க்கலாம்.

பல் வலியில் சாப்பாட்டை நிறுத்துவதில்லை என்பதை நம்ப எனக்கு வெகுநாள் ஆயிற்று. ஒரு பக்கமாகவே மெல்லும், வாயிலிருந்து நழுவ விடும், அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே திடீரென்று வீங்கினால் கண்ணைக் குறை சொல்லாதீர்கள், பெரும்பாலும் அது மேல்தாடைப் பல்லின் வேரில் பிடித்த சீழ்.

இருமலைப் பற்றிச் சுருக்கமாக: வாத்து கத்துவது மாதிரி வறட்டு இருமல், மற்ற நாய்களோடு பழகிய சில நாளில் வந்தால் பெரும்பாலும் தொற்று. இரவில் படுத்தபின் வரும் இருமல், நடை குறைந்து வரும் இருமல் என்றால் இதயத்தையும், கொசு பரப்பும் இதயப்புழுவையும் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுக் குழாயில் ஏதோ சிக்கியதாக நினைத்து விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

விரலை விடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெறிநோய், அதாவது ரேபிஸ். எல்லா வெறிநாயும் துரத்திக் கடிப்பதில்லை. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல், தொண்டையில் எலும்பு சிக்கியது போல அமைதியாக உட்கார்ந்திருப்பதும் ரேபிஸ்தான். குணம் அடியோடு மாறிப்போன நாய், குரல் மாறிய நாய், தடுப்பூசி விவரம் தெரியாத நாய் என்றால் தொடாமல், தனியாக அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். கடியோ கீறலோ பட்டால், புண்ணில் எச்சில் பட்டால், சோப்பும் ஓடும் நீரும் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். நோய் வெளியே தெரிந்துவிட்டால் மனிதனையும் அநேகமாகக் காப்பாற்ற முடியாது.

உடனே கிளம்ப வேண்டியவை

நெஞ்சு ஆழமான பெரிய நாய், வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரையைத் தவிர ஒன்றும் வராமல், நிலைகொள்ளாமல் அலைகிறது, வயிறு மத்தளமாக உப்புகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. காத்திருந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். இந்தப் பட்டியலில் முதலில் இதைச் சொல்லக் காரணம், பார்ப்பதற்கு இது சாதாரண அஜீரணம் போலவே இருக்கும்.

ஆண் நாய் காலைத் தூக்கித் தூக்கி நிற்கிறது, சொட்டுக்கூட வரவில்லை என்றால் கல் அடைத்திருக்கலாம். மலச்சிக்கல் என்று நினைத்து அரை நாளைக் கடத்திவிடாதீர்கள்.

வலிப்பு வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். வாயில் எதையும் வைக்க வேண்டாம், நாய் நாக்கை விழுங்காது. பக்கத்தில் இருக்கும் மேசை நாற்காலியை நகர்த்தி, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, தெளிவதற்குள் இன்னொன்று வந்தாலோ, ஒரே நாளில் இரண்டு மூன்று வந்தாலோ அவசரம். வயதான நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு, கருவிழி பக்கவாட்டில் ஆட, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் பக்கவாதம் என்று அழுதுவிடாதீர்கள். உள்காதின் சமநிலைக் கோளாறாகவும் இருக்கலாம், அதில் பல நாய்கள் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வெயிலில் இரைத்து இரைத்து, ஈறு செக்கச் செவேலென்று ஆகி, தள்ளாடினால் முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே போங்கள். வாயில் வலுக்கட்டாயமாக ஊற்ற வேண்டாம். மூக்கு சப்பையான இனங்களுக்கு இது சீக்கிரம் வரும்.

விஷம்: சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால். எலி மருந்தில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைத் தின்றால் மூன்று நான்கு நாள் நாய் துள்ளிக்கொண்டுதான் இருக்கும், ரத்தக் கசிவு அதற்குப் பிறகுதான். தின்றது தெரிந்த நிமிடமே பாக்கெட்டோடு போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்த உப்பே ஆபத்து.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நம் வீட்டு மருந்துப் பெட்டி. காய்ச்சல் என்று பாராசிட்டமால், கால்வலி என்று ஐபுப்ரோஃபென் கொடுப்பதை அன்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். முதலாவது கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், இரண்டாவது இரைப்பையில் ஓட்டை போடும், சிறுநீரகத்தையும் விடாது. டாக்டர் எழுதித் தராத எதுவும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது

வீட்டில் நொண்டிய நாய் டாக்டரின் மேசையில் நொண்டாது. பயத்தில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதனால் வீட்டிலேயே வீடியோ எடுங்கள்: நடையைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும், இருமலைச் சத்தத்தோடு, தூங்கும் மூச்சை ஒரு முழு நிமிடம். மலம் கொண்டுபோவதானால் அன்றைய மலத்தை, மூடியுள்ள டப்பாவில். போனதும் "டல்லா இருக்கு" என்று ஆரம்பிக்காமல், எது மாறியது, எந்தத் தேதியில், எவ்வளவு என்று சொல்லுங்கள். "புதன்கிழமையிலேர்ந்து தண்ணி ரெண்டு மடங்கு, வெள்ளிக்கிழமை காலையில ஒரு வாந்தி, மஞ்சள், சாப்பாடு பாதி" என்பது போல.

அவசரம் என்றால் கிளம்பும் முன் ஃபோன் செய்துவிடுங்கள். ஆக்சிஜன் இருக்கிறதா, அறுவை செய்ய ஆள் இருக்கிறார்களா என்று கேட்டுப் போவது நல்லது. பூட்டிய கதவுக்கு முன் நாயோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு. எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். துணிப் பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சுத் திணறுகிற நாய்க்கும், மூக்கு சப்பையானதற்கும் கட்டக் கூடாது. எழ முடியாத பெரிய நாயை அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டாம். கெட்டியான போர்வையைப் பக்கத்தில் விரித்து, முதுகு வளையாமல் மெல்ல அதன்மேல் நகர்த்தி, தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவர் முனைகளைப் பிடித்துத் தூக்குங்கள். எங்கள் வீட்டில் அந்தப் போர்வை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கீழேதான் நோட்டுகளும், நூல் சுற்றிய தெர்மாமீட்டரும்.